நீர்கொழும்பில் ஓய்வு

நீர்கொழும்பு, இலங்கை
8-11-1937

நஞ்சம்மாளுக்குப் பொங்கியண்ணன் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீயும் நம் மகள் பாப்பாயியும் சௌக்கியமாக இருப்பதைக் கேட்டால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கும்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினது முதல் தலைமன்னாரில் இறங்குகிறவரை வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டேஷனில் காளியண்ணன் நின்றுகொண்டிருந்தான். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தபோது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. இப்போது முன்தலை வழுக்கை. என் தம்பி என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அண்ணா, எலும்புந் தோலுமா வந்திருக்கீங்களே" என்று அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டான்.

கண்டியில் அவனுக்கு இரண்டு பஸ்கள் ஓடுகின்றன. சொந்தக் காரும் இருக்கிறது. கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. சேலத்து டாக்டர் கடல் காற்று வேண்டும் என்று சொன்னதை அவனுக்கு எழுதியிருந்தேன் அல்லவா, அதற்காகவே இங்கே கரையோரமாக ஒரு வீடு பிடித்து வைத்திருக்கிறான். சாய்வு நாற்காலி, கஞ்சி, தூக்கம். மலைக் காய்ச்சல் உடம்பைவிட்டுப் போக இதுதான் மருந்து என்கிறார்கள். நானும் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காளியண்ணன் வந்து, "அலையவே பாத்துட்டுக் கெடந்தா ஒடம்பு தேறீருமுங்களா? கார்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம் வாங்க" என்றான். கடலையொட்டித் தென்னந்தோப்புகளுக்குள் போனோம். வயிற்றில் இருக்கும் தண்ணீர்கூட அசையாத ரோடு.

பொங்கலுக்கு அங்கே இருப்பேன். மிளகு பறிப்பதைத் தோட்டத்துச் சென்றாயனிடம் விட்டுவிடு. அவன் பார்த்துக்கொள்வான்.

பாப்பாயிக்கு என் ஆசீர்வாதம்.

பொங்கியண்ணன்


வாழவந்தி நாடு, கொல்லிமலை
27-11-1937

வீட்டு எஜமானவர்களுக்கு நஞ்சம்மாள் அநேக நமஸ்காரம். இங்கே யாவரும் க்ஷேமம். உங்கள் உடம்பு தேறிவருவதாக வாராவாரம் ஒரு வரி வந்தால் போதும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்லிக்கொடுத்த எழுத்துதான்.

மழை விடாமல் பெய்ததில் தபால்காரர் ஏறிவர முடியாமல் உங்கள் கடிதம் அடிவாரத்திலேயே கிடந்திருக்கிறது. பாப்பாயியை மாப்பிள்ளை மாணிக்கம் பேளுக்குறிச்சியிலிருந்து கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். வழி வழுக்கியதால் பல இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாளாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "நம்ம பள்ளத்துல மூட்டம் நெறஞ்சு நிக்குமே, அதெல்லாந் தண்ணியா இருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரியாம்மா கடலு?" என்றாள். நான் பார்த்தேனா என்ன, ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். இவளுக்குத் தலைப்பிரசவம். மாசியில் என்று கணக்கு. அதற்கு முன்னால் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் நம் வீட்டுக்குப் போய்விட்டால் நல்லது என்று நினைக்கிறேன். அங்கே இருந்தால் சேந்தமங்கலத்து வைத்தியர் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார். மலைமேல் ஏதாவது என்றால் தூளி கட்டித்தான் இறக்க வேண்டும். அந்த வீட்டை மிளகு மண்டிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்களே, மண்டிக்காரரிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். "அவரு கைப்பட ஒரு வரி எழுதட்டும், ஒழிச்சுக் குடுத்தர்றேன்" என்றாராம். அந்த ஒரு வரியை அவருக்கு எழுதிவிடுங்கள்.

கொழுந்தனாரை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

நஞ்சம்மாள்


நீர்கொழும்பு
15-12-1937

நஞ்சம்மாளுக்குப் பொங்கியண்ணன் ஆசி. காய்ச்சல் வந்து பல நாள் ஆகிறது. கன்னத்தில் சதை பிடித்திருப்பதாகக் காளியண்ணன் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டுகிறான். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் உன் கடிதத்தில் கண்டு மனம் நிறைந்தேன்.

நுவரெலியா என்ற ஊருக்குப் போய்வந்தோம். எழுதினால் நம்பமாட்டாய். கடுகண்ணாவை என்ற இடத்தில் பாறையைக் குடைந்து நடுவில் ரோடு போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன். அதற்கப்பால் ரம்பொடை. ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே பார்த்தால் நாங்கள் வந்த வழியே அடுக்கடுக்காகத் தெரிகிறது. அருவி காரின்மேல் தெறிக்கிறது. நம் மலையில் ஆடுகூட மூச்சு வாங்கும் ஏற்றத்தை, நான் ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி ஏறினேன். தேயிலை பறிக்கும் பெண்கள் நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி ஓடிவந்து, "நாமக்கல் பக்கமுங்களா? அங்க மழை பேஞ்சுதுங்களா?" என்றாள். பெய்தது என்றேன். வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

வந்தபிறகு இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை, வாஸ்தவம். இங்குள்ள டாக்டர், "ஓய்வெடுக்க வந்தீரா, ஊர்சுற்ற வந்தீரா?" என்று கோபித்துக்கொண்டார். ஆகவே தம்பியும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். ஒருநாள் கார் என்றால் மறுநாள் முழுவதும் நாற்காலி. ஆனால் நாற்காலி நாளன்று காளியண்ணன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் எழுந்துவிடத் தோன்றுகிறது. இத்தனை வருஷமாக அவன் சம்பாதித்ததைக் காட்ட அவனுக்கும் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நுவரெலியாவில் பேரனுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். பேத்தியாக இருந்தாலும் அதுவே ஆகும்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. மற்றவை பின்பு.

பொங்கியண்ணன்


வாழவந்தி நாடு
2-1-1938

எஜமானவர்களுக்கு நஞ்சம்மாள் நமஸ்காரம். உங்கள் உடம்பு தேறியது கேட்டு அறப்பளீசுவரருக்கு விளக்குப் போட்டேன். நாங்களும் அப்படியே இருக்கிறோம்.

ரோட்டைப் பற்றி எழுதியிருந்ததைச் சென்றாயனுக்குப் படித்துக் காட்டினேன். "மலையச் சுத்திச் சுத்திப் போனா நாளு ஆகாதுங்களா? நேரா ஏறுனா உச்சிப்பொழுதுக்குள்ள போயிரலாமே" என்று சிரித்தான்.

வீட்டு விஷயம் எழுதியிருந்தேன். ஊர் பார்க்கும் அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். சென்றாயன் பெண்சாதி மாதம்மாள் போன வாரம் பாப்பாயியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இந்த மலையில் பாதிக் குழந்தைகள் அவள் கையில் பிறந்தவை. பார்த்துவிட்டு வெளியே வந்து, "சாமி, நீங்க கீழ போயிருங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். சொன்னாள். அதையெல்லாம் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். காலில் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. இந்தச் சமயத்தில் எல்லாருக்கும் இருப்பதுதான். நீங்கள் விசாரப்பட வேண்டியதில்லை.

சம்பந்தி வீட்டில் கொண்டுபோய் வைக்கலாம் என்றால் பாப்பாயி ஒப்பவில்லை. "மொதப் பிரசவத்துக்கு அம்மா ஊட்டுல எடமில்லாம வந்துட்டாள்னு எங்க மாமியாரு சொல்லிக் காட்டுவாங்க" என்கிறாள். மண்டிக்காரருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றாலும் பொங்கலுக்கு நீங்களே வந்துவிடுவீர்கள்.

நஞ்சம்மாள்


நீர்கொழும்பு
20-1-1938

நஞ்சம்மாளுக்குப் பொங்கியண்ணன் எழுதுவது. நலம். பொங்கலன்று காளியண்ணன் வாசலில் மூன்று கல் வைத்து அவனே பொங்கல் வைத்தான். பால் பொங்கியபோது உங்களையெல்லாம் நினைத்துக்கொண்டோம்.

வருகிறேன் என்று எழுதியிருந்தேன், வரமுடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. டிக்கெட் வாங்கப் பணம் எடுத்தபோது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, ஒரே ஒரு மாசம். திருகோணமலையப் பாக்காமப் போனா நீங்க இலங்கைக்கு வந்ததாவே ஆகாதுங்க. அப்புறம் நாம எப்பப் பாக்கப்போறோம்?" என்றான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இன்னும் கொஞ்சம் பலம் வந்தால் மலை ஏறுவதும் சுலபம். மாசி பிறப்பதற்குள் வந்துவிடுகிறேன். பிரசவத்துக்கு முன்னால் அங்கே இருப்பேன்.

மண்டிக்காரருக்குக் கடிதம் எழுதினால் ஏதோ அதிகாரம் பண்ணுவதாக எடுத்துக்கொள்வார், ரோஷக்காரர். நான் வந்து நேரில் பேசிக்கொள்கிறேன். அவசரப்படாதே.

ஒரு ரோட்டு ஓவர்சியரைப் பார்த்துப் பேசினேன். நம் மலையின் உயரம், பாறை, ஓடை எல்லாவற்றையும் மணலில் கோடு போட்டுக் காட்டினேன். "வளைவு போட்டு ஏற்றினால் எந்த மலையிலும் பஸ் போகும்" என்றார். ஊருக்கு வந்ததும் கலெக்டருக்கு மனு எழுதப்போகிறேன். நீ சிரிப்பாய். நம் பேரப்பிள்ளை பஸ்ஸில் மலை ஏறத்தான் போகிறான், பார்.

பாப்பாயியை நன்றாகச் சாப்பிடச் சொல்.

பொங்கியண்ணன்


காளப்பநாயக்கன்பட்டி
12-2-1938

கொழுந்தனார் காளியண்ணன் அவர்களுக்கு, உங்கள் அண்ணி நஞ்சம்மாள் எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை நீங்கள் மட்டும் படியுங்கள்.

பாப்பாயி போய்விட்டாள்.

வலி மாசி வரைக்கும் காத்திருக்கவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் மாதம்மாள் பார்த்தாள். குழந்தை கால்பக்கமாக நிற்கிறது என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். எட்டாம் தேதி விடிந்ததும், "இனி என்னால ஆகாது சாமி, எறக்கிருங்க" என்று கையை எடுத்துவிட்டாள். மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டிச் சென்றாயனும் அவன் பங்காளிகளும் தூக்கினார்கள். மாப்பிள்ளைக்கும் வைத்தியருக்கும் முன்னாலேயே ஆள் ஓடினான். வழி அகலமாக இருந்த இடத்தில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். குறுகலான இடத்தில் விட்டுவிட்டுப் பின்னால் வந்தேன். "மெதுவாப் போகச் சொல்லும்மா, குலுங்குது" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர்கள் மெதுவாகத்தான் போனார்கள். வழி அப்படி.

பாதி மலையில் ஒரு பாறைமேல் இறக்கி வைத்தோம். அங்கேதான் குழந்தை பிறந்தது. பெண். மாதம்மாள் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "பொண்ணாம்மா?" என்று பாப்பாயி கேட்டுச் சிரித்தாள். பிறகு உதிரம் நிற்கவில்லை. மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடிவாரத்தில் வைத்தியரை வண்டியில் கூட்டிவந்து மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது வைத்தியருக்கு வேலை இருக்கவில்லை.

மேலே தூக்கிப்போக முடியாது என்று இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மண்டிக்காரர் தாமே மிளகு மூட்டைகளைத் தூக்கித் தெருவில் போட்டு இடம் பண்ணினார். "அம்மிணி, விஷயம் இன்னதுன்னு எனக்குத் தெரியாதுங்க. புள்ளைக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே ஒழிச்சிருப்பனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அனுப்பின ஆள் என்ன சொன்னானோ, அவர் என்ன கேட்டாரோ. நானே ஒருநாள் இறங்கிவந்து கேட்டிருக்கலாம். உங்கள் அண்ணன் எழுதட்டும், எழுதட்டும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

உங்கள் அண்ணனிடம் இப்போது சொல்லாதீர்கள். அங்கே அயலூரில், காய்ச்சலில் இருந்து எழுந்த உடம்பு. இன்னும் கொஞ்சம் தேறட்டும். நானும் சொல்லாமல் எழுதுகிறேன்.

நஞ்சம்மாள்


காளப்பநாயக்கன்பட்டி
16-2-1938

எஜமானவர்களுக்கு நஞ்சம்மாள் நமஸ்காரம். உங்கள் சுகத்தை நாடுகிறேன்.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நல்ல நிறம். தலை நிறைய முடி. மாதம்மாளின் மகள் கைக்குழந்தையோடு வந்து கூடவே இருக்கிறாள். பால் நன்றாகக் குடிக்கிறது. நாங்கள் இப்போது கீழேதான் இருக்கிறோம்.

அவசரப்பட்டு வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஞ்சம்மாள்


நீர்கொழும்பு
5-3-1938

நஞ்சம்மாளுக்குப் பொங்கியண்ணன் எழுதிக்கொண்டது.

பேத்தி பிறந்து அப்புச்சி ஆகிவிட்டேன் என்று தெருவில் போகிற மீன்காரனுக்குக்கூடச் சொன்னேன். நான் கோணேசருக்கு வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை. திருகோணமலையிலிருந்து வந்த அலுப்பில் பத்து நாள் படுத்துவிட்டதால் உடனே புறப்பட முடியவில்லை.

காளியண்ணனுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டிவிட்டான். கேட்டால் சக்கரம் கெட்டுவிட்டது என்கிறான். கண்டிக்கும் போவதில்லை. நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுகிறான். டாக்டர் சொன்ன ஓய்வு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஆனால் உட்கார முடியவில்லை.

இதுவரை எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். குழந்தையின் நிறம் எழுதியிருக்கிறாய், முடி எழுதியிருக்கிறாய். மாதம்மாளின் மகள் ஏன் பால் கொடுக்கிறாள்? பாப்பாயியைப் பற்றி ஒரு சொல் இல்லையே. காளியண்ணனைக் கூப்பிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நஞ்சம்மா, எழுது.


நீர்கொழும்பு
7-3-1938

அண்ணி அவர்கள் பாதங்களுக்குக் காளியண்ணன் நமஸ்காரம். நீங்கள் சொல்லாதே என்றீர்கள். அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அண்ணன் அழவில்லை. "என்னிக்கு?" என்று கேட்டார். நாளைச் சொன்னேன். அன்றைக்கு நாங்கள் திருகோணமலையில் கோணேசர் பாறைமேல் நின்றிருந்தோம். சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று அண்ணன் தேங்காய் உடைத்தார். நான் பக்கத்தில் நின்று, அடுத்து எந்த வழியாகப் போனால் காடு நன்றாகத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இப்போது இரவும் பகலும் நினைக்கிறேன்.

அண்ணன் எழுந்துபோய்க் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "ஊட்டு விஷயம் எழுதுங்கன்னு உங்கண்ணி கேட்டா, தம்பி. நான் மலையப் பத்தி எழுதுனேன்" என்றார். அன்று மாலையே காய்ச்சல் திரும்பிவிட்டது. கப்பல் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அண்ணி, அவர் பொங்கலுக்கே புறப்பட்டார். பிடித்து வைத்தவன் நான். வீட்டை விட்டு ஓடிவந்த நாள்முதல் நம் சொந்தம் என்று ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. கிடைத்ததும் விட மனசு வரவில்லை. அவரை ஒரு நாளாவது சும்மா உட்காரவிட்டு உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால்கூடப் போதும். எனக்கு வண்டியை ஓட்டத்தான் தெரிந்தது.

காளியண்ணன்


நீர்கொழும்பு
24-3-1938

நஞ்சம்மாளுக்கு.

காய்ச்சல் இன்று இல்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். நீ எழுதாமல் விட்டதுகூட இப்போது தெரிகிறது. அப்போது எழுதினதே கண்ணில் படவில்லை. என்னைத் திட்டி நீ ஒரு கடிதம் எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம்போல் இருக்கும்.

நான் அங்கே வந்தால் உனக்குப் பாரமா? மாப்பிள்ளை முன்னால் எப்படி நிற்பேன்? குழந்தையைத் தொடவிடுவீர்களா? நீ வரவேண்டாம் என்று எழுதினாலும் நியாயம்தான். தெரிந்துகொண்டு புறப்படுகிறேன்.

பொங்கியண்ணன்


காளப்பநாயக்கன்பட்டி
9-4-1938

எஜமானவர்களுக்கு நஞ்சம்மாள் நமஸ்காரம். உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே வெயில் கடுமை. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மற்றபடி சுகம்.

திட்டி எழுதச் சொன்னீர்கள். எழுதிப் பார்த்தேன், கிழித்துப்போட்டேன். கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். சில நாள் சோற்றைப் பிசையும்போதே வருகிறது. உங்கள்மேல் வருகிறது, கொழுந்தனார்மேல் வருகிறது, என்மேலும் வருகிறது. பிறகு குழந்தை அழும். எழுந்து போய்விடுவேன். கொழுந்தனாரிடம் நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள். அது இன்றைக்கு உண்மையில்லை, ஆனாலும் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை வாராவாரம் வருகிறார். குழந்தையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்துவிட்டுப் போவார். போன வாரம் சம்பந்தியம்மாளும் வந்தார்கள். "எங்க ஊட்டுப் புள்ளைங்க. எருமை கறக்குது, கூட ஆளிருக்கு. நீங்க தனியாளா எத்தன நாளைக்கு வெச்சுக்குவீங்க?" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். மாணிக்கத்துக்கு இருபத்திரண்டு வயதுதான், நாளைக்கு அவருக்கு வேறு கல்யாணம் ஆகும். அதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. கொடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா? சித்திரைக் கடைசியில் முடிவு கேட்க வருகிறார்கள்.

நான் தனியாக முடிவு சொல்லமாட்டேன். எழுதிக் கேட்டுக்கொண்டும் இருக்கமாட்டேன். நீங்கள் வந்து உட்கார்ந்து, சம்பந்தியம்மாளின் முகத்தைப் பார்த்து, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பேச வேண்டும். என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருக்க வேண்டும்.

மலை ஏற வேண்டியதில்லை, நாங்கள் கீழேதான் இருக்கிறோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம். புறப்படுங்கள்.

நஞ்சம்மாள்